வெள்ளையடித்தலும் தரை மெழுகுதலும்

வெள்ளையடித்தல், தரை மெழுகுதல் ஆகிய இரண்டும் கறைபட்ட சுவரையும் தேய்ந்த தரையையும் தமிழக வீட்டார் தாங்களே புதுப்பித்துக்கொண்ட முறைகள். சுண்ணாம்பு நீரைச் சுவரில் பூசுவது வெள்ளையடித்தல். சாணத்தை நீரில் கரைத்து, தேவைப்பட்டால் மண்ணும் சேர்த்து, தரையில் கையால் இழுத்துப் பூசுவது மெழுகுதல். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமெண்ட், டிஸ்டெம்பர், எமல்ஷன், டைல்ஸ் ஆகியவை படிப்படியாக இவற்றின் இடத்தைப் பிடித்தன. இதனால் தரையும் சுவரும் நீண்ட நாள் தாங்கின. வீட்டு வேலை, குறிப்பாகப் பெண்களின் வேலை, குறைந்தது. அதேவேளை பழுதுபார்க்கும் திறன் வீட்டாரின் கையிலிருந்து கூலிக்கு வரும் தொழிலாளியின் கைக்குச் சென்றது.

பழைய சான்றுகள்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனைச் சுவரில் சுதை பூசப்பட்டிருந்ததைக் குறிப்பிடுகிறது. பட்டினப்பாலையில் பொதியிலின் மெழுகிய தரை பற்றிய குறிப்பு உண்டு. திலகவதியார் திருவதிகைக் கோயிலில் விடியும் முன்பே அலகிட்டுச் சாணத்தால் மெழுகியதைச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. கோயில் தரையை மெழுகும் பணிக்காக விடப்பட்ட நிலம் மெழுக்குப்புறம் எனப்பட்டது.

இச்சான்றுகள் அரண்மனையையும் பொது இடத்தையும் கோயிலையும் பற்றியவை. எளிய மக்களின் வீடுகள் பற்றிய நேரடிச் சான்று குறைவு. மண்சுவர் வீடு தொடர்ந்து பராமரிக்கப்படாவிட்டால் சில மழைக்காலங்களிலேயே கரைந்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். அத்தகைய வீட்டில் பழுதுபார்த்தல் என்பது கட்டுமானத்தின் தொடர்ச்சியே.

சுண்ணாம்பின் செயல்பாடு

கடற்கரைப் பகுதிகளில் கிளிஞ்சலும் உள்நாட்டில் சுண்ணாம்புக்கல், சுக்கான்கல் ஆகியனவும் சுண்ணாம்புக்கு மூலப்பொருள்கள். இவற்றைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் ஊற்றினால் பெருவெப்பத்துடன் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடைகிறது. பூசும்போது சற்று மங்கலாகத் தெரியும் சுவர் காயக் காய வெளுப்பது வழக்கம்.

வீட்டில் செய்யும் முறை எளியது. பானையிலோ தொட்டியிலோ சுண்ணாம்பை நீற்றி ஆறவைப்பர். பின் துணியில் வடிகட்டி, நீர் சேர்த்துப் பதமாக்குவர். ஒட்டும் தன்மைக்காகக் கஞ்சி, உப்பு, பசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பதும், மஞ்சள் சாயல் தெரியாதிருக்கச் சிறிது நீலம் கலப்பதும் உண்டு. நசுக்கி நார் பிரித்த தாழை விழுதும் பனைமட்டையும் தூரிகையாகப் பயன்பட்டன. சுவரின் பொருக்கைத் தட்டி, வெடிப்பைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தால் அடைத்து, தண்ணீர் தெளித்து நனைத்தபின் மேலிருந்து கீழாகப் பூசுவர். நீறும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை பாதிக்கப்படும் என்பதால் குழந்தைகளை அருகே விடுவதில்லை.

சுண்ணாம்புப் பூச்சின் முக்கியத் தன்மை, பழைய பூச்சின் மேலேயே புதிய பூச்சை இடலாம் என்பது. கறைபட்ட இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினாலும் அடுத்த ஆண்டுப் பூச்சில் அந்தத் திட்டு மறைந்துவிடும். பழைய வீட்டுச் சுவரின் சுண்ணாம்பு ஏடாகப் பெயரும்போது பல ஆண்டுகளின் படலங்களை அதில் காணலாம்.

மெழுகுதல்

மண்தரையில் நடக்க நடக்கப் புழுதி கிளம்பும். சாணத்தில் செரிக்காத புல், வைக்கோல் நார்கள் உள்ளன. அவை மண்ணைப் பிணைத்து, காயும்போது பெரிய வெடிப்புகள் விழாமல் தடுக்கின்றன. குழி விழுந்த இடத்தில் முதலில் களிமண்ணை அடைத்துத் தட்டி, பின்னர் சாணக் கரைசலால் மெழுகுவர். சில வீடுகளில் கரித்தூள் சேர்த்துத் தரையைக் கருமையாக்குவதுண்டு. உள்மூலையில் தொடங்கி, பின்னால் நகர்ந்தபடியே வாசல் நோக்கி வருவது முறை. கை வளைந்து செல்லும் அரைவட்டத் தடங்கள் காய்ந்தபின்னும் தரையில் தெரியும்.

பண்டிகையும் பருவமும்

ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும், போகியன்று பழைய பொருள்களைக் கழிப்பதும், பொங்கல் வைக்கும் இடத்தை மெழுகிக் கோலமிடுவதும் மரபு. யாழ்ப்பாணத்திலும் பொங்கலன்று முற்றம் மெழுகப்படுகிறது. இந்த வழக்கத்துக்குப் பருவம் சார்ந்த பொருத்தமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. சுவரின் அடிப்பகுதி ஊறுவதும், பாசி படர்வதும், திண்ணை கரைவதும் அப்போதுதான். மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் மார்கழி இறுதி, பழுதுபார்க்க ஏற்ற காலம். அறுவடையை ஒட்டி வைக்கோலும் கிடைக்கும். ஆகவே பொங்கல் வேளாண் திருநாளாக இருந்ததுடன் வீட்டின் ஆண்டுப் பராமரிப்புக்கான கெடுவாகவும் விளங்கியது.

சுகாதாரமும் சட்டமும்

சுண்ணாம்பின் காரத்தன்மை கிருமிகளைக் கொல்லும் என்பதால் ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் வெள்ளையடித்தல் நோய்த்தடுப்பு நடவடிக்கையாகவும் ஆனது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அரசின் நடவடிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. வீட்டார் தம் விருப்பப்படி செய்துவந்த வேலை அங்கு அதிகாரிகளின் ஆணையாக மாறியது.

விடுதலைக்குப்பின் வந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிற்கூடச் சுவர்களுக்கு 14 மாதங்களுக்கு ஒருமுறையாவது வெள்ளையடிக்க வேண்டும் என்றது. கழுவத்தக்க நீர்வண்ணம் பூசிய சுவருக்கு 3 ஆண்டுகளையும், பிற வண்ணப்பூச்சுக்கு 5 ஆண்டுகளையும் அது கெடுவாக வைத்தது. வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. ஆயினும் எந்தப் பூச்சு எவ்வளவு காலம் தாங்கும் என்று அக்காலத்தில் கருதப்பட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதற்கு நேர்மாறான நிலை மலேரியா ஒழிப்பில் ஏற்பட்டது. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் டிடிடி மருந்து தெளிக்கப்பட்டது. சுவரில் படிந்த மருந்தின் மேல் கொசு அமர்ந்தால்தான் பயன். தெளித்த சில நாட்களில் வீட்டார் வழக்கம்போல் மெழுகினாலோ வெள்ளையடித்தாலோ மருந்து மூடப்பட்டுவிடும். எனவே குறிப்பிட்ட காலத்துக்குச் சுவரைத் தொடவேண்டாம் என்று சுகாதாரப் பணியாளர்கள் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. சுவரைப் புதுப்பிப்பதே தூய்மை என்று பழகிய வீட்டாருக்கு, சுவரை அப்படியே விடுவதே நலம் என்ற அறிவுரை முரணாகத் தோன்றக்கூடியது.

சிமெண்டும் வண்ணங்களும்

இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில், கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு நடந்தது. அது வெற்றிபெறவில்லை. பின்னர் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையிலும், திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும் ஆலைகள் வந்தன. வசதியுள்ள வீடுகளில் மண்தரை சிமெண்ட் தரையானது. சிவப்பு ஆக்சைடு பொடி தூவித் தேய்த்து மெருகேற்றிய தரை மெழுகு பூசினால் பளபளக்கும். ஆனால் வெடித்தால் அதே நிறத்தில் ஒட்டுப்போடுவது கடினம். மெழுகிய மண்தரையில் ஒரு பிடி களிமண்ணால் தீர்ந்த பழுது, இங்கு நிரந்தர வடுவானது.

சுவரிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1942-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ஏசியன் பெயிண்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் டிஸ்டெம்பர் நடுத்தர வீடுகளில் பரவியது. ஆர். கே. லட்சுமண் 1954-இல் அந்நிறுவனத்துக்காக வரைந்த கட்டூ என்ற சிறுவன் கையில் தூரிகையும் வண்ண டப்பாவும் வைத்திருந்தான். விளம்பரத்தில் சிறுவன் பூசினாலும், நடைமுறையில் வேலை பெயிண்டரிடம் சென்றது. பெயர்ந்துவரும் சுண்ணாம்பின் மேல் டிஸ்டெம்பர் நிற்காது. பழைய படலம் முழுவதையும் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே வண்ணம் பூச முடியும். இதற்குக் கருவியும் பழக்கமும் பணமும் தேவை.

பழைய சுவரில் வேறொரு சிக்கலும் எழுந்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை மேற்பரப்பு வழியே வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சோ ஈரம் புகாத வண்ணமோ ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கும். வண்ணம் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும், பூச்சு பாளமாகப் பெயரும். அப்போது மேலும் சிமெண்ட் பூசுவது பழுதைப் பெரிதாக்கும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய வீட்டைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும் என்று பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

உழைப்பின் கணக்கு

பழைய முறையை எளிமை என்று மட்டும் போற்றுவது முழுமையான பார்வையாகாது. மெழுகுதல் பெரும்பாலும் பெண்களின் ஊதியமற்ற வேலை. குனிந்தும் குந்தியும் வாரந்தோறும், சில வீடுகளில் நாள்தோறும் செய்யவேண்டியது. வசதி படைத்த வீடுகளில் குறைந்த கூலிக்கு வந்தவர்களே சுண்ணாம்பையும் சாணத்தையும் கையாண்டனர். காளவாய்த் தொழிலாளர்கள் வெப்பத்திலும் தூளிலும் உழைத்தனர். துடைத்தால் போதும் என்ற சிமெண்ட் தரை பல பெண்களுக்கு உண்மையான விடுதலை.

இன்றைய நிலை

2010-இல் தமிழக அரசு கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தின் மூலம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றத் தொடங்கியது. இன்று மெழுகுதல் பெரும்பாலும் வாசல், களம், பொங்கல் வைக்கும் இடம் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. பல வீடுகளில் கடையில் வாங்கிய பொடி சுண்ணாம்பு, கொல்லைச் சுவருக்கும் மரத்தின் அடிப்பகுதிக்கும் மட்டும் பயன்படுகிறது. செட்டிநாட்டு வீடுகள் போன்ற பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போர் நீற்றிய சுண்ணாம்பைப் பதம் பார்த்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடவேண்டியுள்ளது. முன்பு பொங்கல் தோறும் எளிய வீடுகளிலும் பழகிய அந்தக் கைப்பதம், இன்று சிலரிடம் மட்டுமே எஞ்சியுள்ள தனித்திறனாகிவிட்டது.