எந்த ஏரியா நீங்க?

சென்னைக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கும் எவரிடமும் முதல் வாரத்திலேயே கேட்கப்படும் கேள்வி, "எந்த ஊரு?" என்பது. ஒரு மாதம் தங்கிவிட்டால் அதுவே "எந்த ஏரியா?" என்று மாறிவிடும். கேட்பவர் பெரும்பாலும் சும்மாதான் கேட்கிறார். ஆனால் பதில் சொல்பவரின் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாமா, தெருவையும் கேட்பாரா, பக்கத்து டவுனின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாமா? இந்தக் கணக்கைப் போடாமல் பள்ளியும் கல்லூரியும் முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்த ஆண்டு கிளாம்பாக்கத்தில் பெட்டியோடு இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நகரத்தைப் பழகிக்கொள்ள மெட்ரோ வழித்தடமும் மலிவான மெஸ்ஸும் தெரிந்தால் போதாது. ஊரில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு ரோடோ, வாய்க்காலோ, வயலோ கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். நகரத்தில் அந்தக் கோடு பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டை மீறி நமக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

சேரியும் காலனியும்

முதலில் இரண்டு சொற்களைப் பார்ப்போம். கிராமத்திலிருந்து வரும் நமக்கு "காலனி" என்றால் ஒரே பொருள்தான். காலனிப் பையன், காலனிப் பொண்ணு என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வந்தால் பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்று பெயர்ப்பலகைகள் வரவேற்கின்றன. அங்கே கார் நிற்கும் வீடுகள் இருக்கின்றன. அதே சொல் இங்கே கௌரவம், அங்கே வசவு. சொல்லில் தீட்டு இல்லை, யார் வாழும் இடத்துக்கு அதைச் சூட்டினார்கள் என்பதில்தான் இருக்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது இதனால்தான்.

"சேரி"யின் கதை இன்னும் பழையது. பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் எதுவும் சேரிதான். சோழர் காலப் பிரம்மதேயங்களிலும் சேரிகள் இருந்தன. ஆனால் ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளிலேயே கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யார் எங்கே வாழ வேண்டும் என்ற கணக்கு கல்லில் ஏறிவிட்டது. இன்று வேளச்சேரியில் ஃபிளாட் வாங்குபவர் அந்தப் பெயரில் இருக்கும் "சேரி"க்காகக் கூசுவதில்லை. "சேரிப் பையன்" என்று சொன்னால் மட்டும் அது வசவாகிவிடுகிறது.

கோட்டைக்கு வெளியே

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்துக் கோட்டை எழும்பியது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வடக்கே கறுப்பர் நகரம். பாடப் புத்தகம் இந்த நிறப் பிரிவினையோடு நின்றுவிடும். கறுப்பர் நகரத்துக்குள்ளும் கோடுகள் இருந்தன. 1707இல் வலங்கைச் சாதிகளுக்கும் இடங்கைச் சாதிகளுக்கும் தெரு உரிமைக்காகப் பெரும் மோதல் நடந்தது. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துத்தான் கம்பெனி அதை முடித்துவைத்தது. நவீன நகரம் என்று நாம் நம்பும் சென்னை, பிறந்த கையோடு தெருக்களைச் சாதிவாரியாகப் பங்கு போட்டுக்கொண்டது.

நம் மக்கள் அப்போதே இங்கே இருந்தார்கள். வெள்ளையர் வீடுகளில் சமையல்காரராக, பட்லராக, குதிரை பார்ப்பவராக இருந்தார்கள், கம்பெனிப் படையில் சிப்பாய்களாக இருந்தார்கள், பல்லக்கும் மூட்டையும் சுமந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் சென்னை வரைபடங்களில் "பெரிய பறைச்சேரி" என்றே ஒரு பகுதி குறிக்கப்பட்டிருக்கிறது. கறுப்பர் நகரம் 1911இல் ஜார்ஜ் டவுன் ஆனது. மன்னரின் பெயர் இன்றும் பலகையில் நிற்கிறது. பெரிய பறைச்சேரியின் பெயர் நிற்கவில்லை. "சென்னைக்கு இவங்க எல்லாம் இப்போ வந்தவங்க" என்று யாராவது சொன்னால் அந்த வரைபடங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இருப்பிடத்தை மறைத்த மாணவர்

முகவரியைச் சொல்லத் தயங்குவது உங்கள் தலைமுறையின் கூச்சம் மட்டுமல்ல. செங்கல்பட்டு வட்டாரத்தின் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். யாரிடமாவது நெருங்கிப் பழகினால் சாதி, குடும்பம், இருப்பிடம் எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி ஒதுங்கியே இருந்ததாகத் தன் சுருக்கமான வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். எங்கே வசிக்கிறோம் என்பது வெளியே தெரியக் கூடாது என்ற அச்சம் ஒரு மாணவனின் நட்பையே தின்றிருக்கிறது.

அதே சீனிவாசன் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்துவிட்டு 1890இல் சென்னைக்கு வந்தார். புதியவர்தான். பறையர் மகாஜன சபையைக் கட்டினார். 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு அவர் வைத்த பெயர் "பறையன்". மறைத்துப் படித்தவர், மறைக்கச் சொன்ன சொல்லையே பத்திரிகையின் தலையில் அச்சடித்தார். பின்னாளில் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் சென்றவரும் இவர்தான்.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் "ஒரு பைசாத் தமிழன்" இதழை இராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்தார். இன்று மால் பார்க்கப் போகும் இராயப்பேட்டைதான் அது. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் வரை போய்ச் சேர்ந்த ஒரு அறிவு இயக்கம் அந்தத் தெருக்களிலிருந்துதான் கிளம்பியது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது இதையும் நினைத்துக்கொண்டு நடங்கள்.

ரூம் தேடும் கதை

"பேச்சுலருக்குத் தர மாட்டோம்", "நான்வெஜ் சமைப்பீங்களா?", கடைசியில் தயங்கித் தயங்கி "நீங்க என்ன ஆளுங்க?" ரூம் தேடி அலைந்த எவருக்கும் இந்த வரிசை பழக்கம்தான். அவமானப்பட்டுத் திரும்பி வரும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், பரோடா அரசின் வேலையில் சேர 1917இல் அந்த நகரத்துக்குப் போனார். இந்து விடுதியில் இடம் கிடைக்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை தடியோடு வந்த பார்சிகள் கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. ஒரு இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் தந்த படிப்பு ஒரு அறைச் சாவியை வாங்கித் தரவில்லை. அப்படியானால் உங்களுக்கு ரூம் மறுக்கப்பட்டது உங்கள் ஆங்கிலத்தாலோ உடையாலோ அல்ல. அதனால்தான் விடுதிகளை நம் இயக்கங்கள் ஒரு உரிமையாகவே கேட்டு வாங்கின. சைதாப்பேட்டையில் இருக்கும் ஆதி திராவிடர் மாணவர் விடுதி எம்.சி. ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமானது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தெரிந்துகொள்ள நகரத்தின் வடக்கே போக வேண்டும்.

புளியந்தோப்பு, 1921

வடசென்னை என்றதும் சினிமா சொல்லித்தந்த அரிவாள் உங்கள் நினைவுக்கு வரலாம். அதைத் தள்ளி வைத்துவிட்டு ஆலைச் சங்கைக் கேளுங்கள். பெரம்பூரில் ரயில்வே பட்டறை வந்தது, 1870களிலிருந்து பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தில் பண்ணையடிமைகளாகக் கிடந்தவர்களின் நிலையை ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார், பஞ்சமி நிலம் அதன் பிறகுதான் வந்தது. அந்தப் பண்ணைகளிலிருந்து தப்பியவர்களுக்கு ஆலைக்கூலி என்பது பணம் மட்டுமல்ல. ஆண்டையின் முகத்தில் விழிக்காத ஒரு காலைப் பொழுது.

1918இல் இதே ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் தலைவர்கள். வரலாறு இதைப் பெருமையோடு சொல்லும், சொல்ல வேண்டியதும்தான். 1921 வேலைநிறுத்தத்துக்கு வரும்போது மட்டும் அதன் குரல் தடுமாறும். நிலமோ சேமிப்போ பின்புலமோ இல்லாத ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜாவும் அதையே சொன்னார். விளைவு, வர்க்க மோதலாகத் தொடங்கியது சாதி மோதலாக மாறியது. புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வேறு தரப்பிலும் உயிர்கள் போயின. நீதிக்கட்சித் தலைவர்களோ, ஆதி திராவிடர்களுக்கு அரசு காட்டிய சலுகைதான் காரணம் என்று பழி போட்டார்கள். 1923இல் ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

அவர்கள் வேலைக்குத் திரும்பியது சரியா தவறா என்று விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். ஆனால் "கருங்காலிகள்" என்ற ஒற்றைச் சொல்லால் எரிந்த குடிசைகளை மூடிவிடக் கூடாது. ஒற்றுமை வேண்டும் என்று கேட்டவர்கள் தங்கள் தெருவில் நமக்கு வீடு கொடுத்திருந்தார்களா என்ற கேள்வியும் அந்த விவாதத்தில் இருக்க வேண்டும். அதே வடசென்னை 1944இல் சென்னைக்கு வந்த அம்பேத்கரைக் கொண்டாடியது. அவருடைய தோழர் ந. சிவராஜ் 1945இல் இந்த நகரத்தின் மேயரானார். ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. அந்த நிலத்தில் இன்று வானுயர்ந்த அடுக்ககங்கள் எழுந்திருக்கின்றன. காவலாளி வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

நகரத்துக்கு வெளியே ஒரு நகரம்

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டபோது, வாழும் இடத்திலேயே மாடி வீடு என்பது அதன் பெரிய வாக்குறுதியாக இருந்தது. நடுச் சென்னையில் இன்றும் நிற்கும் பல குடியிருப்புகள் அப்படி வந்தவை. பிறகு திசை மாறியது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அதற்குப் பின் பெரும்பாக்கம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் இறக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வெளியேற்றம் இன்னும் வேகமெடுத்தது. வீட்டு வேலை செய்த பெண்களுக்கு வேலை போனது, பிள்ளைகளுக்குப் பள்ளி போனது. 2021இல் வாரியத்தின் பெயர் "நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்" என்று மாறியது.

ஐ.டி. நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் வேலைக்கு மனு போடும் கண்ணகி நகர் இளைஞர்கள் முகவரியில் "துரைப்பாக்கம்" என்று எழுதுகிறார்கள். கோயம்புத்தூரில் வீட்டை மறைத்த அந்த மாணவனின் அச்சம்தான் நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு பயோடேட்டாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவை ஊரே "கண்ணகி நகர் கார்த்திகா" என்றது. ஒரு முகவரி மீது நகரம் ஒட்டிய பெயரை ஒரு பெண்ணின் ஆட்டம் கிழித்துப் போட்டது. ஆனால் ஒருவர் தங்கம் வென்றால்தான் ஒரு ஏரியாவுக்கு மரியாதை என்பது நியாயமல்ல. தங்கம் வெல்லாதவருக்கும் வேலையும் வீடும் மரியாதையும் வேண்டும்.

நடந்து படியுங்கள்

தோழர்களே, முதல் ஆண்டு முடிவதற்குள் இந்த நகரத்தில் ஐந்து இடங்களுக்காவது நடந்து போங்கள்: ஜார்ஜ் டவுன், இராயப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி, கண்ணகி நகர். வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். கேமராவை உள்ளே வையுங்கள். டீக்கடையில் உட்காருங்கள். கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்களோடு பேச்சுக் கொடுங்கள். வயதான அம்மாக்களிடம் "முன்னாடி எங்கம்மா இருந்தீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அநேகமாக எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும், அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எழுதி வையுங்கள், சொன்னவரிடம் படித்துக் காட்டுங்கள்.

வடசென்னை மொழியைக் கிண்டல் செய்யும் வகுப்பறைச் சிரிப்பில் சேராதீர்கள். நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பேச்சுக்கும் அதே சிரிப்புதான் காத்திருக்கிறது.

அப்புறம் யாராவது "எந்த ஏரியா நீங்க?" என்று கேட்டால், உங்கள் வேலைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் இடத்தில் என்ன சொல்வது என்பது உங்கள் முடிவு. அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆபத்தில்லாத இடத்தில் தெருப் பெயரோடு முழுசாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாணவர் தன் ஊரையும் தெருவையும் சொல்லக்கூடும். சங்கங்கள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

ஜெய் பீம்.