தீப்பெட்டி மன்னன்

பேசும் படம் தோன்றி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். 1932ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் 'தி மேட்ச் கிங்' என்றொரு படம் வெளிவந்தது. தீப்பெட்டி மன்னன் என்பது அதன் பொருள். ஹோவர்ட் பிரெதர்ட்டன், வில்லியம் கீலி என்னும் இருவர் இயக்கிய அப்படத்தில், வாரன் வில்லியம் என்ற நடிகர் பால் க்ரோல் என்னும் வணிகனாகத் தோன்றினார். சிகாகோ நகரில் துப்புரவு வேலை செய்துகொண்டே, சுவீடனிலுள்ள உறவினர்க்குத் தன்னைப் பெருஞ்செல்வனாகக் காட்டி மடல் எழுதி வந்தவன் க்ரோல். அவர்கள் அழைக்க ஊர் திரும்புகிறான். நொடித்துக் கிடந்த குடும்பத் தீப்பெட்டி ஆலையைக் கையிலெடுக்கிறான். பொய்யையும் கடனையும் ஏணியாக்கி உலகச் சந்தையையே வளைக்கிறான். பலமுறை பயன்படும் தீக்குச்சியைக் கண்டுபிடித்த ஓர் ஏழை அறிஞனைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கிறான். போலிப் பத்திரம் அச்சிடுகிறான். முடிவில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு மாள்கிறான்.

திரைப்படத்தைப் பற்றி இவ்வேட்டில் எழுதுவானேன் என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். நமக்குப் படம் குறிக்கோளன்று. அதன் பின்னே மெய்யாகவே வாழ்ந்த ஒரு மனிதர் இருந்தார். அவர் இறந்து ஒன்பது மாதங்களில் அவர் கதை வெள்ளித்திரைக்கு ஏறிவிட்டது. அந்த அவசரத்தில் கதையின் தலையாய பகுதி கைநழுவிற்று என்பது நம் கருத்து.

அவர் பெயர் ஈவர் க்ரூகர். சுவீடன் நாட்டின் கால்மார் என்னும் கடற்கரையூரில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையாருக்குத் தீப்பெட்டி ஆலைகள் இருந்தன. ஸ்டாக்ஹோமில் பொறியியல் பயின்றார். அமெரிக்கா சென்று, இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்த்துக் கட்டடம் எழுப்பும் புதுமுறையைக் கற்றுத் திரும்பினார். 1908இல் பால் டோல் என்பவரோடு சேர்ந்து 'க்ரூகர் அண்டு டோல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1912 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஸ்டாக்ஹோம் விளையாட்டரங்கம் அவர்கள் கட்டியதே, இன்றும் நிற்கிறது. படத்தின் க்ரோல் முதல் காட்சியிலிருந்தே புரட்டன். க்ரூகரோ கைத்திறனும் உழைப்பும் மெய்யாகவே வாய்க்கப்பெற்றவர். இவ்வேறுபாடு சிறிதன்று. புரட்டனைப் புரட்டனாகவே காட்டினால், பார்ப்பவன் 'இவன் வேறு, நான் வேறு' என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவான்.

1917இல் சுவீடனின் தீப்பெட்டி ஆலைகளையெல்லாம் க்ரூகர் ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொணர்ந்தார். முதல் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பிய அரசுகள் பல கஜானா வறண்டு கிடந்தன. க்ரூகர் அவ்வரசுகளின் வாயிற்படியில் போய் நின்றார்: 'பெருந்தொகை கடனாகத் தருகிறேன், பதிலாக உம் நாட்டில் தீப்பெட்டி செய்யும், விற்கும் தனியுரிமையை எனக்குத் தாரும்' என்பதே பேரம். 1925இல் போலந்து இசைந்தது. 1927இல் பிரான்சுக்கு ஏழரைக் கோடி டாலர், 1929இல் ஜெர்மனிக்குப் பன்னிரண்டரைக் கோடி டாலர், 1930இல் துருக்கிக்கு ஒரு கோடி டாலர் எனப் பட்டியல் நீண்டது. உலகின் தீப்பெட்டிகளில் பாதிக்கு மேல் அவர் ஆளுகைக்குள் வந்தன. கடன் வாங்கியது அரசு. வட்டியின் சுமையோ, அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி வாங்கிய குடியானவன் மனைவியின் முந்தானை முடிச்சில் விழுந்தது.

நம் நாட்டில் அப்பேரம் நடக்கவில்லை. 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது பன்னிரண்டு டஜனுக்கு, ஒன்றரை ரூபாய் சுங்கம் விதித்தது. அதனைத் தாண்டி வர இயலாத சுவீடன் நிறுவனம், 1923இல் விம்கோ என்ற பெயரில் உள்ளேயே கடைவிரித்தது. சென்னைத் திருவொற்றியூரிலும் அதன் ஆலை எழுந்தது. இரயில் நிலையத்தின் பெயராக 'விம்கோ நகர்' என்று நம்மவர் நாவில் இன்றும் வழங்குவது அதனால்தான். (2005இல் விம்கோ ஐ.டி.சி. குழுமத்தின் கைக்கு மாறியது.) அதே 1923ஆம் ஆண்டில், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். உலகையே வளைத்தவரால் சிவகாசியின் கைத்தொழிலை அழிக்க முடியவில்லை.

இத்தனை அரசுகளுக்குக் கடன் கொடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது? பொதுமக்களிடமிருந்து, பெரிதும் அமெரிக்க மக்களிடமிருந்து வந்தது. பங்கு வாங்கியவர்க்கு ஆண்டுதோறும் 25 சதவீதமும் பின்னர் 30 சதவீதமும் ஆதாயம் கிடைத்தது. தீக்குச்சியில் அவ்வளவு இலாபம் இல்லை. ஆகவே நேற்று வந்தவன் பணத்தை எடுத்து முந்தாநாள் வந்தவனுக்கு ஆதாயமென்று கொடுக்க நேர்ந்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த அதே வாரம், 'டைம்' இதழ் அவர் முகத்தை அட்டையில் தாங்கி வந்தது. சந்தை வற்றிய பின் புதுப்பணம் வருவது நின்றது. 1932 மார்ச் 12ஆம் நாள் பாரிஸில், தம் இல்லத்தில், துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். தற்கொலை என்றே முடிவு செய்தனர். கொலை என்று அவர் தம்பி பின்னாளில் வாதாடினார்.

பெட்டகத்தைத் திறந்தபோது இத்தாலி அரசின் கடன் பத்திரங்கள் இருந்தன. தலைக்கு ஐந்து இலட்சம் பவுன் மதிப்பில் நாற்பத்திரண்டு. அத்தனையும் போலி. கையொப்பங்களில் ஒரே அதிகாரியின் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறு தாளில் வேறுவிதமாகவும் எழுத்துக் கூட்டப்பட்டிருந்ததாம்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் பொருளீட்டும் ஒழுக்கம் பற்றிய நூலில், ஒருவனோடு நில்லாமல் ஊர் முழுவதையும் தாக்கும் தீங்குகளைத் தனியே பிரித்துச் சொல்வார்கள். அவற்றுள் அவர்கள் எடுத்துரைப்பவை இரண்டு: ஒன்று இஹ்திகார் எனும் பதுக்கல், மற்றொன்று கள்ள நாணயத்தைப் புழக்கத்தில் விடுதல். க்ரூகரின் வாழ்வு இவ்விரண்டுக்கும் விரிவுரைபோல் இருப்பது நம்மை வியக்க வைக்கிறது. இஹ்திகார் உணவுப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது நம் ஷாஃபியீ அறிஞர்களின் பொதுவான கூற்று; எதைத் தடுத்து வைத்தால் மக்களுக்கு இடர் உண்டாகுமோ அதுவெல்லாம் இஹ்திகாரே என்பார்கள் ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). தீப்பெட்டி விஷயத்தில் இரண்டாவது கூற்றே நம் மனத்துக்கு ஒப்புகிறது, தீயில்லாமல் உணவேது? கள்ள நாணயத்தைப் பற்றி இமாம் கஸ்ஸாலி சொல்வது இன்னும் கூரியது. அதை வெளியிட்டவன் மடிந்த பிறகும் அந்நாணயம் கைமாறிக் கைமாறிச் செல்லுமளவும் பாவம் அவன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் கருத்து.

இனி, படம் கைநழுவவிட்டதற்கு வருவோம். க்ரோலின் சூழ்ச்சியைத்தான் படம் காட்டுகிறது. அவனை நம்பியவர்களின் வாய்மூடலைக் காட்டவில்லை. க்ரூகரின் அமெரிக்க நிறுவனத்துக்குக் கணக்காயர்கள் இருந்தனர். ஐரோப்பியக் கிளைகளின் ஏடுகளை அவர்கள் தாமே புரட்டிப் பார்க்காமல், அவர் கொடுத்த எண்களையே ஏற்றுக்கொண்டனர். பெயர்பெற்ற வங்கியாளர்கள் இருந்தனர்; கேள்வி கேட்டால் அம்மேதையின் மனம் கோணும் என்று அஞ்சினர். சுவீடனின் பிரதம மந்திரி எக்மன் அவரிடம் பணம் பெற்றதை முதலில் மறுத்து, பின்பு மெய் வெளிப்பட்டதால் 1932 ஆகஸ்டில் பதவி விலகினார். இவர்களுள் எவரும் பத்திரம் போலியாக அச்சிடவில்லை. அந்த நாற்பத்திரண்டு தாள்களும் பெட்டகத்தில் பாதுகாப்பாக இருப்பதற்கு இவர்களின் மௌனமே போதுமானதாயிருந்தது.

இங்கே நம் வீடுகளையும் சற்று எண்ணிப் பார்ப்போம். அரபு நாட்டில் இருபதாண்டு வெயிலில் நின்று சேர்த்த பணத்தை, மகள் நிக்காஹுக்கென்று வைத்ததை, 'மாதம் இவ்வளவு இலாபம், வட்டியே கிடையாது' என்ற ஒரு சொல்லை நம்பிக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்கள் எத்தனை! என்ன வியாபாரம் என்று கேட்பதில்லை. எழுதித் தாருங்கள் என்று கேட்பவனை, 'ஹாஜியாரிடமா சீட்டு கேட்கிறாய்?' என்று வீட்டாரே அடக்குகிறார்கள். குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாச் சிறுவனைக் கேட்டாலும் சொல்வான். அது தொழுகையைப் பற்றியதுமன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றிய அல்பகராவின் 282ஆம் வசனம். சிறு தொகையாயினும் எழுதச் சோம்பலாகாது என்று அங்கே ஏவப்படுகிறது. ஸஹாபாப் பெருமக்களை முன்னிலைப்படுத்தி இறங்கிய ஏவல் அது. சீட்டுக் கேட்பது அவர்களுக்கு அவமதிப்பாகத் தோன்றியதில்லை. அமெரிக்கர்கள் 1933, 1934ஆம் ஆண்டுகளின் பங்குச் சட்டங்களில், பொதுமக்களிடம் பணம் திரட்டுவோர் கணக்கை வெளிப்படையாக எழுதிக் காட்டியே ஆகவேண்டும் என்று விதித்தனர். அச்சட்டங்களுக்கு முன்னோடியான விவாதங்களில் க்ரூகரின் பெயர் அடிபட்டது.

படம் க்ரோலின் சாவோடு முடிந்துவிடுகிறது. க்ரூகரின் கணக்கு முடியவில்லை. 1929இல் அவர் ஜெர்மனியோடு செய்த ஒப்பந்தம் கடன் தீருமட்டும் செல்லும் என்று எழுதப்பட்டது. ஹிட்லர் வந்தார், போனார். நாடு இரண்டாகப் பிளந்தது. மேற்கு ஜெர்மனியில் அந்தத் தீப்பெட்டித் தனியுரிமை மட்டும் நீடித்தது. கடைசித் தவணை அடைபட்டு, அச்சட்டம் நீங்கியது 1983 ஜனவரியில். க்ரூகர் இறந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.