சிப்பி ஏலமும் உடைந்து வந்த பார்சலும்

அந்தக் கால முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறந்து பார்க்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவருக்கு யோகம். இல்லாவிட்டால் நஷ்டமும் அவருக்கே. விற்றவரிடம் போய்க் கேட்க முடியாது.

சிப்பி ஏலம் தெரிந்தே ஆடிய சூதாட்டம். ஆனால் சாதாரண வியாபாரத்திலும் 'வாங்குபவரே உஷார்' என்பதுதான் நெடுங்காலம் சட்டமாக இருந்தது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. மாதிரியைக் காட்டி விற்றால் சரக்கும் அதேபோல் இருக்க வேண்டும். பார்க்காமல் வாங்கியவருக்குப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். சரி, விற்றவர் மறுத்தால்? சிவில் கோர்ட்தான். ஒரு மிக்ஸிக்காக யார் வருஷக்கணக்கில் அலைவார்கள்?

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று அடுக்கு மன்றங்கள். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். ஆனாலும் பொதுவாக, விற்றவர் தொழில் செய்யும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது.

அந்தத் தடையை நீக்கியது 2019-ம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்தது. டெல்லிக் கடைக்காரர் அனுப்பிய பொருள் சாகுபுரத்துக்கு உடைந்து வந்தால், தூத்துக்குடி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம்.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புவது நல்லது. பில்லும், உடைந்த பொருளின் போட்டோவும் பத்திரமாக இருக்கட்டும். சிப்பி வாங்கியவருக்கு அதிர்ஷ்டம் மட்டுமே துணை. இன்று வாங்குபவருக்குச் சட்டமும் துணை.