மார்கரெட் போஃபர்ட்: டியூடர் மரபின் தாய்

மார்கரெட் போஃபர்ட் (1443–1509) இங்கிலாந்தில் டியூடர் அரச மரபைத் தொடங்கிய ஏழாம் ஹென்றியின் தாய். லங்காஸ்டர், யார்க் என்னும் இரண்டு அரச கிளைகள் முடிக்காக மோதிக்கொண்ட ரோஜாப்பூப் போர்களின் காலத்தில் வாழ்ந்தவர். 13 வயதில் தாயானார். அதன் பிறகு இரண்டு முறை மணம் செய்துகொண்டும் வேறு குழந்தை பிறக்கவில்லை. மகன் பிறந்தது முதல் அரியணை ஏறியது வரையிலான 28 ஆண்டுகளில் தாயும் மகனும் சேர்ந்திருந்த நாட்கள் மிகக் குறைவு.

மகன் பிறந்த நாள் முதலே அவரை அரசராக்கத் திட்டமிட்டவர் என்ற சித்திரம் நாவல்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பரவலாக உள்ளது. ஆனால் மார்கரெட் எடுத்த முடிவுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. 1483 வரை அவர் நாடியவை இரண்டுதான்: மகனின் உயிருக்குப் பாதுகாப்பு, மகனுக்கு உரிய நிலமும் பட்டமும். அந்த வழி அடைபட்ட பிறகே அரியணை அவருடைய இலக்காயிற்று.

பிறப்பும் மரபும்

மார்கரெட் 1443 மே 31 அன்று பெட்ஃபோர்டுஷயரில் உள்ள பிளெட்சோ கோட்டையில் பிறந்தார். தந்தை சாமர்செட் டியூக் ஜான் போஃபர்ட். தாய் மார்கரெட் பீச்சம். மூன்றாம் எட்வர்ட் மன்னரின் மகனும் லங்காஸ்டர் டியூக்குமான ஜான் ஆஃப் காண்ட் இவருடைய கொள்ளுப்பாட்டனார். ஜானுக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டுக்கும் திருமணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளைகளின் வழிவந்ததே போஃபர்ட் குடும்பம். 1397இல் நாடாளுமன்றத்தின் வழியாக இக்குடும்பம் சட்டப்படியான வாரிசுகளாக ஏற்கப்பட்டது. 1407இல் நான்காம் ஹென்றி, அரியணை உரிமை மட்டும் இவர்களுக்கு இல்லை என்ற விலக்கைச் சேர்த்தார். மார்கரெட்டின் மகனுடைய அரச உரிமை பின்னாளில் கேள்விக்குள்ளானதற்கு இந்த விலக்கு ஒரு முக்கியக் காரணம்.

மார்கரெட்டுக்கு ஒரு வயது நிறையும் முன்பே தந்தை இறந்தார். பெரும் செல்வத்துக்கு அவரே வாரிசானார். பருவம் எய்தாத பிரபுக் குடும்ப வாரிசுகளின் நிலத்தையும் திருமணத்தையும் தீர்மானிக்கும் காப்பாளர் உரிமை அக்காலத்தில் அரசரிடம் இருந்தது. அரசர் அதைத் தம் விருப்பப்படி மற்றவருக்கு வழங்கலாம், விற்கலாம். தாய் உயிரோடு இருந்தாலும் அவருக்கு அந்த உரிமை தானாகக் கிடைப்பதில்லை. மார்கரெட்டின் காப்பாளர் உரிமை முதலில் சஃபோக் டியூக்கிடம் சென்றது. அவர் தம் மகனுக்கு மார்கரெட்டைச் சிறு வயதிலேயே மணம் பேசி முடித்தார். 1453இல் அந்த ஏற்பாடு ரத்தாகி, உரிமை ஆறாம் ஹென்றி மன்னரின் தாய்வழிச் சகோதரர்களான எட்மண்ட் டியூடர், ஜாஸ்பர் டியூடர் இருவருக்கும் வழங்கப்பட்டது.

13 வயதுத் தாய்

1455இல் ரிச்மண்ட் பிரபு எட்மண்ட் டியூடர் மார்கரெட்டை மணந்தார். மணமகளுக்கு வயது 12, மணமகனுக்கு ஏறத்தாழ 25. திருமணத்துக்கு 12 வயது போதும் என்று திருச்சபைச் சட்டம் அனுமதித்தது. எனினும் பெண் வளரும் வரை இல்லறத்தைத் தள்ளிவைப்பதே பிரபுக் குடும்பங்களில் பொதுவான வழக்கம். எட்மண்ட் காத்திருக்கவில்லை. 1456 நவம்பரில் வேல்ஸின் கார்மார்தென் நகரில் கொள்ளைநோயால் அவர் இறந்தபோது மார்கரெட் ஆறு மாதக் கர்ப்பிணி.

கைம்பெண்ணான சிறுமிக்குக் கணவரின் தம்பி ஜாஸ்பர் தமது பெம்புரோக் கோட்டையில் அடைக்கலம் தந்தார். 1457 ஜனவரி 28 அன்று அங்கே ஹென்றி டியூடர் பிறந்தார். தாயும் சேயும் பிழைத்ததே பெரிது என்னும் அளவுக்குப் பேறு கடினமாக இருந்தது. மார்கரெட்டின் ஒப்புதல் குருவாக இருந்த ஆயர் ஜான் ஃபிஷர், அவர் சிறிய உடலமைப்பு கொண்டவர் என்பதைப் பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அவருக்கு மீண்டும் குழந்தை பிறக்காததற்கு அந்தப் பேற்றில் உண்டான பாதிப்பே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர்.

மகன் பிறந்து ஓராண்டு ஆவதற்குள், 1458 ஜனவரியில், பக்கிங்காம் டியூக்கின் இரண்டாம் மகனான சர் ஹென்றி ஸ்டாஃபோர்டை மார்கரெட் மணந்தார். துணையில்லாத இளம் கைம்பெண்ணை அரசர் விரும்பியவருக்கு மணமுடித்துவிடக்கூடிய காலம் அது. பக்கிங்காம் குடும்பம் அன்றைய இங்கிலாந்தின் மிகவும் வலிமையான குடும்பங்களில் ஒன்று. அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பு மார்கரெட்டுக்குத் தேவைப்பட்டது. குழந்தை ஹென்றி பெம்புரோக்கில் சித்தப்பா ஜாஸ்பரிடம் வளர்ந்தார்.

பிரிவின் ஆண்டுகள்

1461 மார்ச்சில் நடந்த டௌட்டன் போரில் லங்காஸ்டர் படை தோற்றது. யார்க் கிளையின் நான்காம் எட்வர்ட் அரசரானார். ஜாஸ்பர் தப்பியோடினார். யார்க் தரப்பின் வில்லியம் ஹெர்பர்ட் பெம்புரோக் கோட்டையைக் கைப்பற்றினார். நான்கு வயது ஹென்றியின் காப்பாளர் உரிமையை அவர் 1,000 பவுண்டுக்கு வாங்கினார். ரிச்மண்ட் நிலங்கள் அரசரின் தம்பி கிளாரன்ஸ் டியூக்குக்குப் போயின. ஹென்றி ரக்லன் கோட்டையில் ஹெர்பர்ட் குடும்பத்தோடு வளர்ந்தார். ஒரு காலத்தில் தாயைக் கைமாற்றிய அதே சட்டம் இப்போது மகனையும் கைமாற்றியது.

டௌட்டனில் லங்காஸ்டர் தரப்பில் போரிட்ட ஸ்டாஃபோர்டு பின்னர் எட்வர்டிடம் மன்னிப்புப் பெற்றார். மார்கரெட்டும் கணவரோடு சேர்ந்து புதிய அரசருக்குப் பணிந்து நடந்தார். 1467இல் இருவரும் ரக்லனுக்குச் சென்று ஹென்றியுடன் சுமார் ஒரு வாரம் தங்கினர். அப்போது ஹென்றிக்கு வயது பத்து.

1469இல் ஹெர்பர்ட் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு லங்காஸ்டர் தரப்பு சிறிது காலம் ஆட்சியை மீட்டது. ஜாஸ்பர், ஹென்றியை லண்டனுக்கு அழைத்துவந்தார். அந்த இலையுதிர் காலத்தில் வோக்கிங்கில் இருந்த தாயின் மாளிகையில் ஹென்றி சில நாட்கள் தங்கினார். தம் தரப்பே ஆட்சியில் இருந்த அந்த வேளையிலும் மார்கரெட்டின் முயற்சி ரிச்மண்ட் நிலங்களை மகனுக்கு மீட்பது குறித்தே இருந்தது. அதற்காகக் கிளாரன்ஸ் டியூக்குடன் பேச்சு நடந்தது.

1471இல் எல்லாம் தலைகீழாயிற்று. எட்வர்ட் திரும்பிவந்து பார்னெட், டியூக்ஸ்பரி போர்களில் வென்றார். ஆறாம் ஹென்றியின் ஒரே மகன் போரில் இறந்தார். மன்னர் லண்டன் கோபுரத்தில் உயிரிழந்தார். போஃபர்ட் குடும்பத்தின் ஆண் வாரிசுகளும் அழிந்தனர். பார்னெட்டில் எட்வர்டின் தரப்பில் நின்று காயமுற்ற ஸ்டாஃபோர்டு அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். லங்காஸ்டர் தரப்பில் எஞ்சிய முக்கிய ஆண் வாரிசு 14 வயது ஹென்றிதான். ஜாஸ்பர் அவருடன் கடல் கடந்து பிரித்தானிக்குத் தப்பினார். மார்கரெட் மகனை மீண்டும் பார்க்க 14 ஆண்டுகள் ஆயின.

எதிரியின் அரண்மனையில்

1472இல் மார்கரெட் லார்டு தாமஸ் ஸ்டான்லியை மணந்தார். ஸ்டான்லி எட்வர்டின் அரண்மனை அலுவலர், வடமேற்கு இங்கிலாந்தில் பெரும் படைபலம் உடையவர். இத்திருமணத்தால் மார்கரெட் யார்க் அரசவைக்குள் நுழைந்தார். உறவினர்களைப் போரிலும் கொலைக்களத்திலும் அழித்த அரசருக்கு விசுவாசமாக நடந்து, அரசி எலிசபெத் உட்வில்லின் நம்பிக்கையைப் பெற்றார். 1480இல் அரச தம்பதியின் கடைசிக் குழந்தையின் திருமுழுக்குச் சடங்கில் குழந்தையைக் கையில் ஏந்திச் செல்லும் பெருமை அவருக்குக் கிடைத்தது.

இந்தப் பொறுமைக்கு 1482இல் பலன் தெரிந்தது. ஹென்றி நாடு திரும்பி அரசருக்குப் பணிந்தால் பாட்டியின் நிலங்களில் பங்கு பெறலாம் என்று எட்வர்டின் முன்னிலையில் உடன்பாடு செய்யப்பட்டது. மன்னிப்பு ஆணை ஒன்றின் வரைவும் எழுதப்பட்டது. அரசராக அல்ல, ஒரு பிரபுவாக மகன் வீடு திரும்புவதே அன்று மார்கரெட் ஏற்ற முடிவு. அந்த ஏற்பாடு நிறைவேறும் முன், 1483 ஏப்ரலில் எட்வர்ட் இறந்தார்.

1483: திசைமாற்றம்

எட்வர்டின் தம்பி ரிச்சர்ட், அண்ணன் பிள்ளைகளைச் சட்டப்படியான வாரிசுகள் அல்லர் என்று ஒதுக்கித் தாமே அரசரானார். 1483 ஜூலை 6 அன்று நடந்த முடிசூட்டு விழாவில் புதிய அரசியின் நீண்ட ஆடையின் பின்முனையை ஏந்தி நடந்தவர் மார்கரெட். லண்டன் கோபுரத்தில் இருந்த இரு இளவரசர்களும் அந்தக் கோடைக்குப் பின் வெளியே தென்படவில்லை. அவர்கள் இறந்துவிட்டனர் என்ற பேச்சு பரவியது.

இளவரசர்கள் இல்லை என்றால் மூன்றாம் ரிச்சர்டின் எதிரிகளுக்கு வேறொரு தலைவர் தேவை. அரசரை மணக்கக்கூடிய இளவரசியாக எட்வர்டின் மூத்த மகள் எலிசபெத் இருந்தார். அவரோ தாயுடன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். மார்கரெட் தம் மருத்துவர் லூயிஸ் கேர்லியன் வழியாக எலிசபெத் உட்வில்லுக்குச் செய்தி அனுப்பினார். மருத்துவர் நோயாளியைப் பார்க்கச் செல்வதை யாரும் சந்தேகிக்கவில்லை. கணவரை இழந்து, மகன்களையும் இழந்துவிட்டதாக அஞ்சிய அரசியும், மகனைப் பிரிந்திருந்த மார்கரெட்டும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்: ஹென்றி முடிசூடி இளவரசி எலிசபெத்தை மணக்க வேண்டும்.

அக்டோபரில் பக்கிங்காம் டியூக்கும் சேர்ந்து எழுப்பிய கிளர்ச்சி தோற்றது. பக்கிங்காம் தலைவெட்டப்பட்டார். மார்கரெட்டின் நிலங்கள் பறிக்கப்பட்டுக் கணவரின் பெயருக்கு மாற்றப்பட்டன. அவரைக் கணவரே காவலில் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ஸ்டான்லியின் ஆதரவை இழக்க ரிச்சர்ட் விரும்பாததால் உயிர் தப்பியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிரித்தானியின் ரென் பேராலயத்தில், எலிசபெத்தை மணப்பதாக ஹென்றி உறுதியேற்றார்.

1485 ஆகஸ்டில் ஹென்றி வேல்ஸில் கரையிறங்கினார். ஸ்டான்லியின் மகனை ரிச்சர்ட் பிணையாகப் பிடித்து வைத்திருந்ததால் ஸ்டான்லி கடைசி வரை வெளிப்படையாக எந்தப் பக்கமும் சேரவில்லை. தம் மகனுக்காக மார்கரெட் தொடங்கிய முயற்சியில் கணவரின் மகனுடைய உயிரும் பணயமாகியிருந்தது. ஆகஸ்ட் 22 அன்று போஸ்வொர்த் களத்தில் ஸ்டான்லியின் தம்பி வில்லியம் ஹென்றிக்கு ஆதரவாகப் படையை ஏவினார். ரிச்சர்ட் களத்தில் மாண்டார். பிணையாக இருந்த மகன் உயிர் தப்பினார்.

அரசரின் தாய்

தாய் பிரிந்தபோது 13 வயதுச் சிறுவனாக இருந்த ஹென்றி, 28 வயது அரசராகத் திரும்பினார். முடிசூட்டு விழாவில் மார்கரெட் கண்ணீர் விட்டார் என்கிறார் ஃபிஷர். அது மகிழ்ச்சிக் கண்ணீர் மட்டுமன்று. நல்ல காலத்தில்தான் அடுத்து வரப்போகும் துன்பத்தை நினைத்து அவர் அதிகம் அஞ்சினார் என்பது ஃபிஷர் தரும் விளக்கம்.

மணமான பெண்ணின் சொத்து கணவரின் ஆளுகையில் இருந்த அக்காலத்தில், 1485 நாடாளுமன்றம் மார்கரெட்டுக்குத் தம் பெயரிலேயே சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமை தந்தது. 1499இல் கணவரின் இசைவுடன் துறவு நோன்பு ஏற்றுக் கோலிவெஸ்டனில் தனி இல்லம் அமைத்தார். அங்கிருந்து மத்திய இங்கிலாந்தின் நிர்வாகத்தில் மகனுக்குத் துணைநின்றார். கேம்பிரிட்ஜில் 1505இல் கிறைஸ்ட்ஸ் கல்லூரியை நிறுவினார். செயின்ட் ஜான்ஸ் கல்லூரி அவருடைய கொடையால் 1511இல் உருவானது.

குடும்பப் பற்றுக்கு மறுபக்கமும் உண்டு. கொல்லப்பட்ட பக்கிங்காமின் மகனுடைய காப்பாளர் உரிமை மார்கரெட்டுக்கு வழங்கப்பட்டது. தம் மகனை இழக்கச் செய்த சட்டத்தின் பயனை இப்போது அவரே பெற்றார். யார்க் வழி வாரிசான இளம் வாரிக் பிரபு, ஹென்றியின் ஆட்சியில் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்து 1499இல் கொல்லப்பட்டார். ஒரு தாயின் மகனுக்குக் கிடைத்த பாதுகாப்பு மற்றக் குடும்பங்களின் பிள்ளைகளை அச்சுறுத்தியது.

ஆனால் ஒரு சிறுமியின் விஷயத்தில் மார்கரெட் அரசியல் கணக்கைக் கடந்து நின்றார். பேத்தி மார்கரெட் டியூடரை ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸுக்கு மணமுடிக்க 1490களின் இறுதியில் பேச்சு நடந்தது. சிறுமிக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. தம் தாயும் மனைவியும் அவளை உடனே அனுப்புவதை எதிர்ப்பதாக ஹென்றி ஸ்பெயின் தூதரிடம் கூறினார். ஸ்காட்லாந்து மன்னர் காத்திருக்கமாட்டார், அதனால் சிறுமியின் உடல்நலம் கெடும் என்பது அவர்களுடைய அச்சம். பேத்தி 1503இல், 13 வயதில்தான் ஸ்காட்லாந்துக்குச் சென்றார்.

மறைவும் மதிப்பீடும்

1509 ஏப்ரல் 21 அன்று ஏழாம் ஹென்றி இறந்தார். பேரன் எட்டாம் ஹென்றியிடம் ஆட்சி அமைதியாகக் கைமாறுவதற்கு மார்கரெட் உறுதுணையாக இருந்தார். ஜூன் 24 அன்று பேரனின் முடிசூட்டு விழாவைக் கண்டார். ஐந்து நாட்களுக்குப் பின், ஜூன் 29 அன்று காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. அதன் வெண்கல உருவத்தை வடித்தவர் இத்தாலியச் சிற்பி டோரிஜியானோ.

கோபுரத்து இளவரசர்களைக் கொல்லச் சதி செய்தவர் என்று மார்கரெட்டைக் குறிக்கும் பேச்சு 17ஆம் நூற்றாண்டில்தான் எழுந்தது. அவர் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. கைவசமுள்ள ஆவணங்கள் காட்டுவது வேறு: 1467இல் ஒரு வாரச் சந்திப்பு, 1470இல் நிலத்துக்கான பேச்சு, 1482இல் ஒரு மன்னிப்பு வரைவு. மகன் பிரபுவாக வீடு திரும்ப வழி இருந்தவரை மார்கரெட் எதிரிக்குப் பணிந்தே நடந்தார். 1483இல் அந்த வழி மூடியபோது உயிரையும் சொத்தையும் பணயம் வைத்தார். டியூடர் மரபு இங்கிலாந்தை 1603 வரை ஆண்டது. பேத்தி மார்கரெட்டின் வழியில் வந்த ஸ்டூவர்ட் மரபே அதற்குப் பின் ஆட்சிக்கு வந்தது.