பாய்மரப் படகுகளில் ரேடார்: ஒரு வரலாறு

நெடுங்கடற்பயணம் செய்யும் சிறு பாய்மரப் படகுகளில், இருளிலும் மூடுபனியிலும் மழையிலும் பிற கலங்களையும் கரையையும் கண்டறியப் பயன்படும் கருவி ரேடார் ஆகும். வானலைத் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது ஏதேனும் ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவையும், வந்த பக்கத்தைக் கொண்டு திசையையும் இது அறிகிறது. போர்க்கப்பலுக்காக வளர்ந்த இக்கருவி பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகுக்கு வந்து சேர அளவு, எடை, மின்சாரம் என்ற மூன்று தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது. அவை ஒவ்வொன்றாக நீங்கின. திரையில் தெரிவதைச் சரியாகப் படிப்பது என்ற நான்காவது தடை இன்றும் மாலுமியின் கையில்தான் உள்ளது.

தோற்றம்

ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஹூல்ஸ்மேயர் 1904ஆம் ஆண்டு மே மாதம் கொலோன் நகரில், ரைன் ஆற்றில் வரும் கப்பலை வானலையால் கண்டறிந்து காட்டினார். கப்பல்கள் மோதிக்கொள்வதைத் தவிர்ப்பதே அவரது நோக்கம். ஆனால் அக்கருவியால் தொலைவை நேரடியாக அளக்க இயலவில்லை. கப்பல் நிறுவனங்களும் கடற்படையும் அதை வாங்க முன்வரவில்லை. 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே ராபர்ட் வாட்சன்-வாட் நடத்திய சோதனை, விமானத்தை வானலையால் கண்டறியலாம் என்று நிறுவியது. அக்காலக் கருவிகளின் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருந்ததால் பெரிய கோபுரங்கள் தேவைப்பட்டன.

1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டாலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான் குழாய் இந்நிலையை மாற்றியது. அது 10 செ.மீ. அலைநீளத்தில் வலிமையான துடிப்புகளைத் தந்தது. மறு ஆண்டே பிரிட்டனின் சிறு காவல் கப்பல்களில் 10 செ.மீ. ரேடார் பொருத்தப்பட்டது. போர் முடிவதற்குள் 3 செ.மீ. அலைக்கருவிகளும் வந்துவிட்டன.

சிறு படகின் கதையில் இந்த 3 செ.மீ. முக்கியமானது. அலைநீளம் குறையக் குறைய, சிறிய வானலை வாங்கியாலும் கூர்மையான கற்றையை உண்டாக்க முடியும். 45 செ.மீ. அகலமுள்ள வாங்கி, 3 செ.மீ. அலையில் ஏறத்தாழ 5 பாகை அகலமுள்ள கற்றையைத் தரும்; 10 செ.மீ. அலையில் அதே வாங்கியின் கற்றை மும்மடங்கு அகன்றுவிடும். படகுகள் இன்றும் 3 செ.மீ. அலையையே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே.

கண் இருந்தும் மோதிய கப்பல்கள்

போருக்குப் பின் வணிகக் கப்பல்களில் ரேடார் பரவியது. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே மூடுபனிப் பகுதியில் இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆண்ட்ரியா டோரியாவும் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமும் மோதின. 51 பேர் இறந்தனர். இரு கப்பல்களிலும் ரேடார் இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் மற்றதைத் திரையில் பார்த்திருந்தன. ஆயினும் எதிர்க்கப்பல் எந்தப் பக்கமாகக் கடந்து செல்லும் என்பதில் இரு தளங்களிலும் வெவ்வேறு முடிவுக்கு வந்தனர். ஆண்ட்ரியா டோரியாவில், திரையில் கண்ட நிலைகளைத் தாளில் குறித்துக் கணக்கிடவும் இல்லை.

1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள் இத்தகைய அனுபவங்களை உள்வாங்கியவை. ரேடார் உள்ள கலம் அதை முறையாகப் பயன்படுத்த வேண்டும். போதாத ரேடார் தகவலைக் கொண்டு ஊகம் செய்யக்கூடாது என்று அவற்றின் ஏழாம் விதி கூறுகிறது. இது பெருங்கப்பலுக்கும் பாய்மரப் படகுக்கும் பொது.

படகுக்கு ஏற்ற கருவி

பழைய ரேடாரில் கனமான படக்குழாய்த் திரையும் சுழலும் திறந்த வாங்கியும் இருந்தன. பாய்மரப் படகில் திறந்த வாங்கி கயிற்றிலும் பாயிலும் சிக்கும். வாங்கியை வட்ட வடிவ மூடிக்குள் அடைத்ததும், தட்டையான திரைகள் வந்ததும் இச்சிக்கலைத் தீர்த்தன.

மின்சாரச் சிக்கலுக்கு விடை 2009 வாக்கில் வந்தது. நேவிகோ நிறுவனம், மேக்னட்ரான் இல்லாமல் தொடர்ச்சியாக அலைவெண் மாறும் அலையை அனுப்பும் படகு ரேடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் பிற நிறுவனங்களும் குறைகடத்தி ரேடார்களுக்கு மாறின. மேக்னட்ரான் சூடாக ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும்; புதியவற்றுக்கு அத்தேவை இல்லை. 36 வாட் இழுக்கும் கருவி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பத்து மணி நேர இரவில் 30 ஆம்பியர்-மணி எடுக்கும். 18 வாட் கருவிக்கு அதில் பாதி போதும். எஞ்சின் ஓடாமல் பாயில் செல்லும் படகில், இரவு முழுவதும் ரேடாரை இயக்க முடியுமா என்பதையே இந்த வேறுபாடு தீர்மானிக்கிறது.

தேர்வும் பொருத்துதலும்

ரேடாரின் பெட்டியில் அச்சிட்டுள்ள 24 அல்லது 36 மைல் எட்டம் சிறு படகுக்கு அதிகம் பொருந்தாது. பூமியின் வளைவே எல்லை வகுக்கிறது. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் ரேடார் அடிவானம் கடல் மைலில் கிடைக்கும். 4 மீட்டர் உயரக் கம்பத்தில் அது 4.4 மைல், பாய்மரத்தில் 9 மீட்டர் உயரத்தில் 6.6 மைல். எதிரே வருவது உயரமான கப்பல் என்றால் அதன் உயரத்துக்குரிய தொலைவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே உயரே ஏற்றுவதால் கிடைப்பது இரண்டு மைல் சொச்சம். அதற்கு விலையாக உச்சியில் எடை கூடுகிறது. பழுது பார்க்க மரமேற வேண்டும். பலர் படகின் பின்புறக் கம்பத்தைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கற்றையின் அகலமும் கவனிக்கத்தக்கது. 5 பாகைக் கற்றை ஒரு கடல் மைல் தொலைவில் ஏறத்தாழ 160 மீட்டர் அகலம் விரிகிறது. அதற்குள் பக்கம் பக்கமாக வரும் இரு படகுகள் திரையில் ஒன்றாகவே தெரியும். இடம் இருந்தால் பெரிய மூடியுள்ள வாங்கியே நல்லது.

பாய்மரப் படகுக்கு மட்டுமே உரிய சிக்கல் சாய்வு. மேலும் கீழுமாகக் கற்றை ஏறத்தாழ 25 பாகை விரிகிறது; அதாவது நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் பன்னிரண்டரை பாகை. படகு 20 பாகை சாய்ந்தால் ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் அருகிலுள்ள நீரையும் பார்க்கும். இதற்காகத் தானே மட்டம் பிடிக்கும் தாங்கிகள் உள்ளன. பொருத்தி முடித்தபின், கண்ணுக்குத் தெரியும் ஒரு மிதவையை நேர் முன்னே வைத்துத் திரையிலும் அது நேர் முன்னே தெரிகிறதா என்று சரிபார்ப்பது கட்டாயம்.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

தன் படகில் ரேடார் இருப்பதால் மட்டும் பிறர் தன்னைப் பார்த்துவிடுவார்கள் என்று எண்ணுவதற்கில்லை. கண்ணாடியிழைப் படகு வானலையை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். 2006 ஆகஸ்ட் 20-21 இரவில், இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே ஊசோ என்ற சிறு பாய்மரப் படகு, பிரைட் ஆஃப் பில்பாவோ என்ற பயணிகள் கப்பலின் பாதையில் சிக்கியது. படகிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். கப்பலின் ரேடாரில் அப்படகு கண்டறியப்படவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை அதன்பின் சந்தையிலிருந்த ரேடார் பிரதிபலிப்பான்களைச் சோதிக்கச் செய்தது. பாய்மரக் கயிற்றில் பலரும் கட்டியிருந்த 4 அங்குலக் குழாய் வகை போதுமானதன்று என்பது சோதனையில் தெரியவந்தது.

பெருங்கப்பல்களில் கட்டாயமாக்கப்பட்ட தானியங்கி அடையாள முறை, 2006க்குப் பின் சிறு படகுகளுக்கும் கிடைத்தது. தன் பெயரையும் இடத்தையும் தானே அறிவிக்கும் இக்கருவி ரேடாருக்குத் துணை, மாற்று அன்று. அக்கருவி இல்லாத மீன்பிடிப் படகும், கரையும், சூழ்ந்து வரும் மழைப்புயலும் எதையும் அறிவிப்பதில்லை. அவற்றை ரேடார்தான் காட்டும்.

எதிர்க்கலத்தின் திசை மாறாமல் தொலைவு மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் உறுதி என்பது கடலோடிகளின் பழைய பாடம். அதைத் திரையில் அறிய, ஒருமுறை பார்த்தால் போதாது. சில நிமிட இடைவெளியில் மூன்று முறையேனும் குறித்துப் பார்க்க வேண்டும். தெளிவான பகல் நேரத்தில், கண்ணால் காணும் கப்பலையே திரையிலும் பார்த்துப் பழகியவருக்குத்தான் மூடுபனியில் அத்திரை உதவும்.