வெக்ஷோவின் சுள்ளிகள்

இலக்கிய அரங்கில் மரக்கழிவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஒரு நாவலிலிருந்தே தொடங்குகிறேன். வில்ஹெல்ம் மூபெரி 1949-இல் வெளியிட்ட 'புலம்பெயர்ந்தோர்' நாவலில், சுவீடனின் ஸ்மோலாந்துப் பகுதி விவசாயக் குடும்பம் ஒன்று கல் நிறைந்த நிலத்தோடு போராடித் தோற்று, அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறது. 1850-க்கும் 1930-க்கும் இடையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிச் சுவீடனை விட்டுப் போனார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அந்தக் கதை அந்நியமில்லை.

அதே ஸ்மோலாந்தில் இருக்கிறது வெக்ஷோ நகரம். சுற்றிலும் காடும் ஏரிகளும். ஆனால் 1970-களில் அதன் வீடுகளைச் சூடாக்கியது இறக்குமதி எண்ணெய். ஓரிடத்தில் கொதிகலன் வைத்து, அங்கே சூடாக்கிய நீரை நிலத்தடிக் குழாய்களில் ஊர் முழுக்க அனுப்பினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து விலை பன்மடங்கானது. குளிர்காலம் மட்டும் எப்போதும்போல வந்தது.

நான் செவிலியர். குளிரில் உடல் எவ்வளவு விரைவாகத் தளரும் என்பதை வயதானவர்களிடமும் பச்சைக் குழந்தைகளிடமும் பார்த்திருக்கிறேன். குளிர்நாட்டில் வெப்பமும் ஒரு மருத்துவத் தேவைதான்.

1980-இல் வெக்ஷோவின் சாண்ட்விக் நிலையம் மரச்சில்லுகளை எரிக்கத் தொடங்கியது. நகர வெப்பத்துக்கு மரத்தைப் பயன்படுத்தியதில் சுவீடனில் அதுவே முன்னோடி. மரம் வெட்டியபின் காட்டில் கிடக்கும் கிளைகள், நுனிகள், அறுவை ஆலைகளின் பட்டை, மரத்தூள் ஆகியவையே எரிபொருள். குழாய்கள் ஏற்கெனவே இருந்ததால் வீடு வீடாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிலையத்தில் எரிபொருளை மாற்றினால் போதும். சில ஆண்டுகளில் மின்சாரமும் சேர்ந்தது. நீராவி முதலில் சுழலியைச் சுற்றும். மிஞ்சும் வெப்பம் வீடுகளுக்குப் போகும். மின்சாரம் மட்டும் எடுத்தால் விறகின் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும். இரண்டையும் எடுப்பதால் அதில் பெரும்பகுதி பயன்படுகிறது.

1991-இல் சுவீடன் கரிம வரி விதித்ததும் எண்ணெய் மேலும் விலையேறியது. 1996-இல் வெக்ஷோ நகரமன்றம், புதைபடிவ எரிபொருளே இல்லாத நகரமாவோம் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. எண்ணெயை மரத்துக்கு மாற்றிப் பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த முடிவு அது. முதலில் அவர்களை நகர்த்தியது விலைச்சீட்டு. கொள்கை பின்னால் வந்தது. அதைச் சொல்வதால் அந்த நகரத்தின் பெருமை குறைந்துவிடாது.

ஆனால் ஒரு கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கழிவுக்கு விலை கிடைத்தபின் அது கழிவாகவே இருக்குமா? தரையில் கிடக்கும் கிளை எப்படியும் காலப்போக்கில் மக்கி, தன் கரிமத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். நின்ற மரத்தை எரிபொருளுக்காகவே வெட்டினால், அந்தக் கரிமத்தைத் திரும்பப் பிடிக்கப் புது மரம் வளர வேண்டும். ஸ்மோலாந்துக் குளிரில் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கிளைகளை முழுக்க வாரிச் சென்றாலும் மண் சத்திழக்கும். வண்டுக்கும் பூஞ்சைக்கும் வீடு போகும். அதனால்தான் சாம்பலைக் காட்டுக்கே திருப்பித் தரும் வழக்கம் அங்கே உருவானது.

ஐந்து அப்பங்களின் கதையில், எல்லோரும் உண்டபின் மீந்த துணிக்கைகளைத்தான் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்தார்கள். கூடையை நிரப்புவதற்காக யாரும் புது அப்பத்தைப் பிய்க்கவில்லை. 'மரத்திலிருந்து மின்சாரம்' என்று எந்த நாட்டில் யார் சொன்னாலும், அது எந்த மரம், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வெக்ஷோவின் வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.