புல்வெட்டியும் வீட்டுக் கணக்கும்

புல்வெட்டி எந்திரம் கம்பளித் துணி ஆலையிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர், துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் இழைகளைக் கத்தரிக்கும் உருளைக் கத்தியைப் பார்த்து, இதையே புல்தரையில் ஓட்டலாமே என்று நினைத்தார். 1830இல் காப்புரிமை பெற்றார். துணி கத்தரிக்கும் எந்திரங்களைத்தான் 1812இல் யார்க்ஷயர் தொழிலாளர்கள் சம்மட்டியால் உடைத்தார்கள். அந்தக் கலகத்துக்கு வரலாற்றில் பெயர் உண்டு: லுட்டைட். அதற்கும் முன்பே நூற்பாலைகள் வந்து, வீட்டில் இராட்டை சுற்றிய பெண்களின் கூலியைப் பறித்திருந்தன. அந்த இழப்புக்கு அப்படியொரு பெயர் நிலைக்கவில்லை. வேலையிழப்பின் வரலாற்றை எங்கே படித்தாலும் நான் இந்த இடத்துக்கே திரும்பி வருகிறேன்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், பின்னாளில் புல்வெட்டிகளுக்கான சிறு எஞ்சின்களில் பெரும் பெயர் எடுத்தது. வலுவான தொழிற்சங்கம் இருந்த ஆலை. ஆனால் புல்வெட்டியைப் பெரும் சங்கிலிக் கடைகள் விற்கத் தொடங்கியபின், விலையைக் கடை சொன்னது, செய்தவர் கேட்டுக்கொண்டார். 1994இல், சுமார் 2,000 வேலைகளை மில்வாக்கியிலிருந்து அகற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அதன் புதிய ஆலைகள் இருந்த ஊர்களைப் பாருங்கள்: மிசௌரியில் ரோலா, கென்டக்கியில் முர்ரே, அலபாமாவில் ஆபர்ன், ஜார்ஜியாவில் ஸ்டேட்ஸ்பரோ. நான்குமே பல்கலைக்கழக ஊர்கள். கூலி குறைவு, சங்கமும் இல்லை.

(மாடுகூட மேயாத புல்லுக்கா இத்தனை பாடு என்று என் மாணவிகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதுதான்.)

மலிவு என்று தேடிப்போன இடமும் நிலைக்கவில்லை. 2018இல் சியர்ஸ் கடைகள் திவாலாயின. அதே ஆண்டு எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இறக்குமதி வரி ஏறியது. 2019இல் முர்ரே ஆலையை மூடும் அறிவிப்பு வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ரோலா ஆலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூடப்பட்டிருந்தது.

செலவைக் குறைத்தோம் என்று நிர்வாகங்கள் சொல்லும்போது, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பது பெண்ணியத்தின் பழைய வேலை. 2020 ஜூலையில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் திவால் மனு கொடுத்தது. அதற்குச் சற்று முன்தான், உயர் அதிகாரிகள் விலகிப் போகாமலிருக்க ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல் ஒதுக்கியிருந்தது. திவாலோடு, ஓய்வுபெற்றவர்களின் மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் நின்றன. வாழ்நாளெல்லாம் இரும்புத் தூசிக்கும் எண்ணெய்க்கும் நடுவில் நின்றவர்கள் அவர்கள். அவர்களில் பெண்களும் உண்டு. காப்பீடு நின்றதற்காக முதுகுவலி நிற்காது. சர்க்கரையும் நிற்காது. செவிலியருக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மாத்திரையை எண்ணி வைப்பது, இரவில் விழித்திருப்பது எல்லாம் யாரோ செய்தாக வேண்டிய வேலை. அந்த யாரோ பெரும்பாலும் மனைவி, அல்லது மகள். அவளே ஆலையிலிருந்து ஓய்வுபெற்றவளாக இருந்தால், தன் வலியோடு சேர்த்துச் செய்கிறாள். கூலியில்லாத இந்த ஷிப்டுக்கு வருகைப் பதிவேடு கிடையாது.

அந்த ஆண்டே நிறுவனத்தின் பெரும்பகுதி, ஒரு முதலீட்டுக் குழுமத்துக்குச் சுமார் 55 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஓய்வுபெற்றவர்களின் காப்பீட்டுச் சுமை இல்லாமல் கைமாறிய சொத்து அது. சுமை வீடுகளில் இருந்தது.